வாயில்லா ஜீவனின் இறுதி நேரம்

 

இம்மாதப் பாடத்துக்குத் தலைப்புத் தந்தவர் நம் சங்க அன்பர் ஒருவர். கூலாய்க்கு அப்பால் சிறு பழத்தோட்டமும் முப்பது ஆடுகளும் வைத்து ஜீவனம் செய்பவர். எழுபது வயதைக் கடந்தவர். ஒரு நாள் அஸருத் தொழுகைக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க பாய்" என்றேன்.

"நம்ம கருப்பனுக்கு முடியல. டாக்டரை வீட்டுக்கே கூப்பிட்டு ஊசி போட்டு முடிச்சிடலாம்னு மக சொல்லுது. ஆண்டவன் கொடுத்த உயிரு. அதை நாம முடிக்கலாமா?"

கருப்பன் அவருடைய ஆட்டுக்கொட்டகையைப் பதின்மூன்று ஆண்டுகள் காத்த நாய். கேட்டவருக்கு வெட்கம், நாய்க்காக ஒரு முஸ்லிம் கண் கலங்கலாமா என்ற வெட்கம். கேட்ட எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வைத்தியரையும் ஓர் ஆலிமையும் கேட்டறிந்து, நூல்களையும் பார்த்த பின்பே இப்பாடத்தை எழுதுகிறேன். இது பத்வா அன்று. ஒருவர் தம் ஆலிமிடம் கேட்கப் போகுமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லும் முயற்சியே ஆகும்.

நாயும் நாமும்

முதலில் வெட்கத்தைப் போக்கிக்கொள்வோம். காரணமின்றி நாய் வளர்ப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்று எச்சரிக்கும் ஹதீஸ் நாம் அறிந்ததே. ஆனால் அதே ஹதீஸ், வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் வளர்ப்பதை விலக்களித்துச் சொல்கிறது. ஆகவே நம் அன்பரின் கொட்டகையில் கருப்பன் இருந்தது பாவத்தினால் அன்று, அனுமதியினால்.

குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் கஹ்பு அத்தியாயம், வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாயையும் மறக்காமல் சொல்கிறது. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய ஒரு நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுச் சாகவிட்ட பெண் அதன் பொருட்டு நரகம் புகுந்தாள். இவ்விரண்டும் ஸஹீஹான நூல்களில் உள்ள செய்திகள்.

நாயின் எச்சிலும் ஈரமும் நஜீஸ் என்பது ஷாபி மத்ஹபின் சட்டம். அது சுத்தத்தைப் பற்றிய சட்டமேயன்றி, வெறுப்பைப் பற்றிய சட்டம் அன்று. நஜீஸான ஒன்றுக்கு வலி இல்லை என்று எந்த இமாமும் சொல்லவில்லை. தம் பொறுப்பிலுள்ள பிராணிக்குத் தீனியும் நீரும் தருவது உடையவன் மீது கடமை என்றே நூல்கள் பேசுகின்றன.

தீராத நோய் என்பதை எவ்வாறு அறிவது?

கருப்பனுக்கு முன்னங்காலின் மணிக்கட்டுக்கு மேலே வீக்கம் கண்டது. முதலில் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தடவினார்கள். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பிலே புற்றுநோய் என்று தெரிந்தது. பெரிய உடற்கட்டு உள்ள நாய்களுக்கு முதுமையில் வரக்கூடிய நோய் இது. தெரியவரும்போதே பெரும்பாலும் நுரையீரலுக்கு விதை போய்ச் சேர்ந்திருக்கும். எலும்பை உள்ளிருந்தே அரிப்பதால் வலி கடுமையானது. காலை எடுத்துவிட்டால் அந்த வலி தீரும். மூன்று காலில் ஓடித் திரியும் நாய்கள் உண்டு. ஆனால் கருப்பனுக்கோ பின்னங்கால் மூட்டுகள் இரண்டும் முன்பே தேய்ந்து போயிருந்தன. எஞ்சிய கால்கள் அதன் உடலைத் தாங்கமாட்டா.

நாய் வலியை மறைக்கும் பிராணி. அழுது காட்டாது. ஆதலின் உடையவன் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது பிசகும். ஒருவர் அவசரப்படுவார், மற்றொருவர் பாசத்தால் நாட்களைக் கடத்துவார். இதற்கு உதவியாக அமெரிக்கப் பிராணி வைத்தியரான ஆலிஸ் வில்லலோபோஸ் அம்மையார் 2004-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் ஏழு தலைப்புகள் உள்ளன.

1. வலி அடங்கியிருக்கிறதா? மூச்சு சிரமமின்றி வருகிறதா?
2. தானே தின்கிறதா?
3. போதிய நீர் உடம்பில் சேர்கிறதா?
4. உடம்பைச் சுத்தமாக வைக்க முடிகிறதா? புண் இருக்கிறதா?
5. மகிழ்ச்சி காட்டுகிறதா? கூப்பிட்டால் முகம் மலர்கிறதா?
6. எழுந்து நடக்கிறதா?
7. கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா?

ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரித்து வரலாம். அதற்குக் கீழே போனால், நாம் நீட்டிப்பது அதன் வாழ்வையா வேதனையையா என்று வைத்தியரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நம் அன்பரின் மகள் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இதைக் குறித்து வந்தார். வலி மருந்து கொடுத்த முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை ஏறியது. பிறகு நாளுக்கு நாள் இறங்கி, ஒரு வெள்ளிக்கிழமை 19-இல் நின்றது. அன்று காலை ஆடுகளைத் திறந்துவிட்டபோது கருப்பன் தலையை மட்டும் தூக்கிப் பார்த்ததாம், எழவில்லையாம். "அந்த எண்ணைவிட, அது பார்த்த பார்வைதான் தம்பி எனக்குச் சொல்லிச்சு" என்றார் அன்பர்.

மார்க்க நூல்கள் என்ன சொல்கின்றன?

இதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை ஒளிக்காமல் சொல்வதே பாடம் எழுதுபவனின் கடமை.

ஷாபி மத்ஹபின் நூல்கள், உண்ணத்தகாத பிராணியை அறுப்பது, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காக இருந்தாலும் கூடாது என்கின்றன. பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய பத்ஹுல் முஈன் நம் மதரஸாக்களில் ஓதப்படும் நூல். இம்மத்ஹபின் நூல்கள் இதற்குக் காட்டும் உதாரணம், தீராத முடக்கம் கண்ட கழுதை. கடித்துத் தீங்கு செய்யும் வெறிநாயின் விஷயம் வேறு. அதைக் கொல்ல அனுமதி உண்டு.

மாலிகி மத்ஹபிலோ, பிழைக்கும் நம்பிக்கை அற்றுப்போன, உண்ணத்தகாத பிராணியை அறுத்து வேதனை தீர்ப்பதற்கு இடமுண்டு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கலீல் அவர்களின் முக்தஸர் என்னும் நூல் இதைச் சொல்கிறது. ஹனபி நூல்களிலும் மரண வேதனையில் தவிக்கும் நாயை அறுத்துவிடுவதே மேல் என்னும் கருத்து காணப்படுகிறது.

ஆக, ஒரு சாரார், "உயிர் நம்முடையதன்று, பராமரிப்பு மட்டுமே நம்முடையது" என்று நின்றார்கள். மற்றொரு சாரார், "பராமரிப்பின் கடைசிப் படி வேதனையை முடிப்பது" என்று கண்டார்கள். இரு பக்கமும் பேசுவது ரஹ்மத்தைப் பற்றியே. இரு பக்கத்தாரும் ஒப்புக்கொள்ளாதது ஒன்று உண்டு. பிராணியை வேதனையில் விட்டுவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது.

நம் அன்பர் ராவுத்தர் வம்சத்தவர். ஹனபி மத்ஹபைப் பின்பற்றுபவர். அவர் கேட்ட ஆலிம் மூன்று நிபந்தனைகள் சொன்னார். நோய் தீராதது என்று நம்பத்தகுந்த வைத்தியர் சொல்ல வேண்டும். வலியை அடக்கும் வழிகள் முயன்று பார்த்திருக்க வேண்டும். முடிக்கும் முறை, இருக்கும் முறைகளில் மிகக் குறைந்த வேதனை உடையதாக இருக்க வேண்டும். நான் ஷாபி மத்ஹபைச் சேர்ந்தவன். என் வீட்டில் இந்நிலை வந்தால் நான் முதலில் தேடுவது வலி மருந்தும், மெத்தென்ற படுக்கையும், வாயருகே நீருமாகவே இருக்கும். அதற்கு மேல் என் ஆலிம் காட்டும் வழி. நம்மில் இரு மத்ஹபினரும் இருப்பதால், ஒருவர் மற்றவரைக் கல்நெஞ்சர் என்றோ கொலைகாரர் என்றோ சொல்லாதிருப்போமாக.

ஊசி என்ன செய்கிறது?

பலர் இதை விஷ ஊசி என்கிறார்கள். வைத்தியர்கள் பயன்படுத்துவது பென்டோபார்பிட்டால் என்னும் மருந்து. 1930-களில் மனிதருக்குத் தூக்கமும் மயக்கமும் தருவதற்கென்று வந்தது. அதையே அளவு கடந்து கொடுக்கும்போது முதலில் மூளை மயங்குகிறது. பின் மூச்சு நிற்கிறது. அதன்பின் இருதயம் நிற்கிறது. இந்த வரிசை கவனிக்கற்பாலது. நினைவு போன பின்பே மூச்சு போகிறது. விஷம் வைத்த இறைச்சி தின்ற நாய்க்கு நேர்வது இதற்கு நேர் எதிர்; நினைவு இருக்கும்போதே நரம்புகள் இழுக்கும், மூச்சு திணறும்.

முறையாகச் செய்யும் வைத்தியர் இரண்டு ஊசி போடுவார். முதலாவது தோலிலோ தசையிலோ போடும் மயக்க ஊசி. பத்துப் பதினைந்து நிமிடங்களில் பிராணி அயர்ந்துவிடும். அதன் பின்பே முன்காலில் சிறிது ரோமத்தை வழித்து, நரம்பில் குழாய் செருகி, இரண்டாவது மருந்தைச் செலுத்துவார். பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். வைத்தியர் குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டு, கண்ணைத் தொட்டுப் பார்த்து, உயிர் பிரிந்ததை உறுதி செய்வார்.

உடனிருப்போர் முன்னமே அறிய வேண்டியவை சில. கண்கள் மூடா. உயிர் பிரிந்த பின்னும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போலத் தோன்றலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். இவை வேதனையின் அடையாளங்கள் அல்ல. அறியாதவர் கண்டால் அந்தக் காட்சி அவர் மனத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

இருமுறை கொல்லாதிருத்தல்

வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லாமல் வீட்டிலேயே ஏன் செய்ய வேண்டும்? அது பணக்காரர் வழக்கம் என்று சிலர் எண்ணக்கூடும்.

ஆட்டைக் கிடத்தி, அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, அது பார்த்திருக்கவே கத்தியைத் தீட்டிய ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். இதை இருமுறை சாகடிக்க எண்ணுகிறாயா என்ற கருத்தில் அவரைக் கண்டித்தார்கள். எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான், உயிரை எடுக்க நேர்ந்தால் அதையும் நல்ல முறையில் செய்யுங்கள், கூர்மையான கத்தியால் பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸும் முஸ்லிம் ஷரீபில் உள்ளது. மரணம் ஒன்று, மரணத்தின் அச்சம் மற்றொன்று. முன்னது நம் கையில் இல்லாதபோதும் பின்னது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

எலும்பு நோயுள்ள பெரிய நாயைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதே அதற்குப் பெரிய வேதனை. பிறகு அந்நிய இடம், மருந்து வாடை, மற்ற நாய்களின் குரைப்பு. வீட்டில் அதற்குத் தெரிந்த மண், தெரிந்த குரல், தெரிந்த கை. இதே கருத்து உலகச் சட்டங்களிலும் வந்து சேர்ந்திருப்பதைப் பாருங்கள். 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற ஜீவகாருண்யச் சங்கங்கள் நெடுங்காலம் பாடுபட்டன. பின்னர் 2001-இல் இந்திய சர்க்கார் தெருநாய்களைப் பற்றி விதிகள் வகுத்தது. தீராத நோயுள்ள நாயைத் தகுதி பெற்ற வைத்தியரே முடிக்க வேண்டும் என்றும், ஒரு நாயின் முன்னிலையில் மற்றொரு நாயை முடிக்கக்கூடாது என்றும் அவ்விதிகளில் எழுதப்பட்டது. ஆட்டின் எதிரே கத்தி தீட்டாதே என்ற போதனையின் நிழல் இதில் விழுந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் மலேசிய நாட்டில், 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிராணிவதைக்குப் பல்லாண்டுகள் 200 ரிங்கிட்டே உச்ச அபராதமாக இருந்தது. 2015-ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம் 2017-இல் அமலுக்கு வந்தது. அதன்படி கொடுமை செய்பவருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முதிர்ந்த நாயைச் செம்பனைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வருவதும், இறைச்சியில் மருந்து வைப்பதும் இன்னமும் சிலர் செய்யும் காரியங்கள். அவை சிக்கனமான வழிகள் அல்ல. பாவமும் குற்றமும் ஆகும்.

அந்த நாள்

செவ்வாய்க்கிழமை காலை வைத்தியர் வந்தார். நம் தமிழ்ப் பெண்மணி. நானும் போயிருந்தேன். ஆடுகளை வேலிக்கு அப்பால் ஓட்டிவிட்டிருந்தார்கள். ரம்புத்தான் மரத்தடியில், தினமும் படுக்கும் இடத்திலேயே, சாக்கின் மேல் கருப்பன் கிடந்தது. அடியில் பழைய துணி பரப்பியிருந்தது.

"பாய், நீங்க பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க. உங்க குரல் அதுக்குப் போதும்" என்றார் வைத்தியர்.

"தொடலாமா டாக்டர்?" என்று கேட்டவர், உடனே என் பக்கம் திரும்பினார். ஷாபிச் சட்டப்படி பார்த்தாலும், காய்ந்த கை காய்ந்த ரோமத்தில் படுவதால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஈரம் பட்டால் கழுவிக்கொள்ளலாம் என்றேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதன் கழுத்தில் வைத்தார். பதின்மூன்று ஆண்டில் அதை அப்படித் தொட்டது அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னார்.

முதல் ஊசி போட்டதும் கருப்பன் திரும்பி அவரைப் பார்த்தது. சிறிது நேரத்தில் தலையைக் கால்மேல் வைத்தது. இரண்டாவது மருந்து போகும்போது அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆட்டைப் பற்றியும் போன வருஷத்து டுரியானைப் பற்றியும் அவர் பேசிக்கொண்டேயிருந்தார். வைத்தியர் மெதுவாக, "போயிடுச்சு பாய்" என்றார். அவர் பேச்சை நிறுத்தச் சிறிது நேரமாயிற்று.

மகள் வயிற்றுப் பேரன் ஏழு வயதுப் பையன். "நன்னா, கருப்பன் தூங்குதா?" என்று கேட்டான்.

"இல்லைப்பா. மௌத்தாயிடுச்சு. வலி இல்லாம மௌத்தாயிடுச்சு" என்றார்.

இந்தப் பதில் சரியானது. தூங்க வைத்தோம் என்று குழந்தையிடம் சொன்னால், அன்றிரவு தான் தூங்கவே அது அஞ்சும். நாமும் அழகான வார்த்தையின் பின்னே ஒளிந்துகொள்ளக்கூடாது. செய்தது இன்னதென்று அறிந்து செய்யும்போதே பொறுப்பும் நினைவில் நிற்கும்.

தோட்டத்து ஓரத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த மருந்து உடலில் நீண்ட நாள் தங்கும். மேலாகப் புதைத்தால் தோண்டித் தின்னும் உடும்பும் நாயும் பறவையும் அதனால் மடியக்கூடும். பட்டணத்தில் இருப்போர் புதைக்க இடமுண்டா என்பதை நகராண்மைக் கழகத்திலும் வைத்தியரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்க. சிறுநீர் பட்ட துணியைக் கூடவே புதைத்தார்கள். ஈரம் பட்ட கையை நான் சொன்னபடி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கரைத்த நீரால், கழுவினார். நம் மலாய் அன்பர்கள் செர்த்து என்றும், பேச்சில் சமாக் என்றும் சொல்வது இதையே.

கழுவி முடித்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பழைய கதை சொன்னார். கருப்பனுக்கு முன் இருந்த நாய் முதுமையில் விழுந்தபோது, யாரோ சொன்னார்களென்று சோற்றில் மருந்து வைத்தாராம். இரவு முழுதும் அது கத்தியது. காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாராம். "விடியற வரைக்கும் கேட்டுச்சு தம்பி. இன்னும் சில ராத்திரி கேக்குது. அதுக்கு நான் ஆண்டவன்கிட்ட பதில் சொல்லணும்" என்றார்.

நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தவ்பாவின் வாசல் திறந்திருப்பதை அவர் அறிவார். அறியாமல் செய்ததை அறிந்த பின் செய்யாதிருப்பதே அதற்கு முதற்படி. அந்தப் படியில் அவர் அன்று காலை கால் வைத்துவிட்டார்.

பாடத்தின் சுருக்கம்

காவலுக்கு வைத்த பிராணியின் இறுதிக் காலமும் நம் பொறுப்பில் அடங்கும். நோயை வைத்தியரிடமும் சட்டத்தை ஆலிமிடமும் கேட்க வேண்டும். ஒருவர் வேலையை மற்றவரிடம் கேட்கக்கூடாது. பராமரித்து வழியனுப்பினாலும், ஊசியால் முடித்தாலும், அச்சமும் வலியும் கூடியவரை இல்லாமல் செய்வதே இஹ்ஸான்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நாயின் ஈரம் நஜீஸ் என்ற சட்டத்துக்கும், நாயிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்ற கட்டளைக்கும் முரண்பாடு உண்டா?
2. வேதனைப்படும் பிராணியை முடிப்பது பற்றி உங்கள் மத்ஹபின் கருத்து யாது? மற்ற மத்ஹபின் கருத்தை எவ்வாறு மதிப்பீர்கள்?
3. இருமுறை சாகடித்தல் என்பதன் பொருள் என்ன? குர்பானி நாளில் நம் ஊரில் அதைக் கவனிக்கிறோமா?
4. உங்கள் வீட்டுப் பூனையோ, ஆடோ, நாயோ இன்று தீராத நோயில் விழுந்தால், முதலில் யாரைக் கேட்பீர்கள்?

நான்காவது வினாவுக்கு விடையை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரும்போது யோசிக்க மனம் நிலைகொள்ளாது.

வஸ்ஸலாம்.